நிழல் எங்கே அறுகிறது? கோலாலம்பூரில் நடப்பது பற்றி ஓர் எளிய விளக்கம்

என் அத்தைக்கு 68 வயது. ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் ஜாலான் துன் எச்.எஸ். லீயில் இருக்கும் மகாமாரியம்மன் கோயிலிலிருந்து வெள்ளி ரதம் புறப்பட்டால், அதன் பின்னாலேயே பத்துமலை வரைக்கும் நடந்துவிடுவார். ஏறக்குறைய 15 கிலோமீட்டர், ராத்திரி முழுக்க, வெறுங்காலோடு. போன மாதம் அதே அத்தை, அதே கோயில் வாசலில் ஒரு கல்யாணத்துக்கு மாலை சொல்லி வைக்க என்னோடு எல்.ஆர்.டி. ரயிலில் வந்தார். மஸ்ஜித் ஜாமெக் நிலையத்தில் இறங்கினோம். மணி ஒன்று. அங்கிருந்து கோயில் முக்கால் கிலோமீட்டர்கூட இல்லை. படியிறங்கி வெளியே பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். "கிராப் கூப்பிடுய்யா" என்றார், கைபேசியில் அழைக்கும் வாடகைக் காரைத்தான்.

இதை வயசான காலத்துச் சோம்பல் என்று தள்ளிவிட முடியாது. ஒரே ஆள், ஒரே கால், ஒரே ஊர். 15 கிலோமீட்டர் நடக்க முடிகிறது, 700 மீட்டர் நடக்க முடியவில்லை. அப்படியானால் காலில் குறையில்லை, வழியில்தான் ஏதோ இருக்கிறது. நகரத் திட்டமிடுகிறவர்கள் ஒரு இடத்தை "நடக்கத்தக்கது" என்று சொல்லும்போது இதைத்தான் பார்க்கிறார்கள்: கார் இல்லாத ஒருவர், வயதானவர், கைக்குழந்தையோடு வருகிறவர், வேறு வழியில்லாமல் நடக்காமல் மனம் ஒப்பி நடக்கும்படி அந்தத் தெரு இருக்கிறதா? நடைபாதை இருப்பது வேறு, நடக்க முடிவது வேறு. கோலாலம்பூரில் நடைபாதைக்குக் குறைச்சல் இல்லை.

திட்டமிடும் துறையில் பழைய கணக்கு ஒன்று உண்டு. 400 மீட்டர், அதாவது கால் மைல், நடந்தால் சுமார் ஐந்து நிமிஷம். அவ்வளவு தூரம் வரை ஜனங்கள் யோசிக்காமல் நடப்பார்கள் என்பது கணக்கு. பஸ் நிறுத்தம், ரயில் நிலையம் எல்லாவற்றையும் சுற்றி இந்த அளவில் ஒரு வட்டம் போட்டுப் பார்ப்பார்கள். குளிர் தேசத்துக்கு அது சரி. இங்கே அந்த வட்டத்தை அப்படியே கொண்டுவந்து வைத்தால் ஏமாந்து போவோம். நிழலில் 400 மீட்டர் ஒன்றுமே இல்லை, அத்தை ஊர்க்கதை பேசிக்கொண்டே நடந்துவிடுவார். வெயிலில் 60 மீட்டர் அவரைத் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே சூடான ஊரில் எத்தனை மீட்டர் தூரம் என்று மட்டும் கேட்டால் போதாது, அதில் எத்தனை மீட்டர் வெயில், அந்த வெயில் வழியில் எந்தெந்த இடத்தில் வருகிறது என்று கேட்க வேண்டும். நான் சொல்ல வருவது இந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் இதிலிருந்து பிறப்பது.

முதலில் உடம்புக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். வானிலை அறிக்கையில் 33 டிகிரி என்கிறார்கள் இல்லையா, அது நிழலில் எடுத்த அளவு. காற்று புகும்படி இடுக்கு வைத்த வெள்ளைப் பெட்டிக்குள், வெயில் படாமல் வெப்பமானியை வைத்துத்தான் அளப்பார்கள். தெருவில் நிற்கிறவருக்கு அந்த 33 போக இன்னும் மூன்று பக்கத்திலிருந்து சூடு வருகிறது. மேலேயிருந்து நேர் வெயில்: மேகமில்லாத நடுப்பகலில் ஒரு சதுர மீட்டர் தரையில் விழுவது ஏறக்குறைய 1,000 வாட், துணி தேய்க்கும் பெட்டி ஒன்றின் அளவு. கீழேயிருந்து தார்: மதியத்தில் தார் ரோட்டின் மேற்பரப்பு 50 டிகிரியைத் தாண்டிவிடும், செருப்புக்குள் இருக்கும் பாதத்துக்கே அது தெரியும். பக்கத்திலிருந்து சுவர், கண்ணாடி, நின்றுகொண்டிருக்கும் காரின் தகரம். இதெல்லாம் போக, நடக்கும்போது உடம்பே தன் பங்குக்குச் சூட்டை உண்டாக்குகிறது, சும்மா உட்கார்ந்திருக்கும்போது உண்டாவதைப் போல இரண்டு மூன்று மடங்கு.

இவ்வளவையும் வெளியே தள்ள உடம்புக்கு இருக்கும் பெரிய வழி வியர்வை. வியர்த்தால் மட்டும் போதாது, அது ஆவியாகிப் போனால்தான் குளிர்ச்சி. நம் ஊர்க் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்து கிடக்கிறது, அதனால் வியர்வை காயாமல் சட்டையோடு ஒட்டிக்கொள்கிறது. வறண்ட பாலைவன ஊர்களில் நடைபாதை மேல் தண்ணீரைப் பனிமாதிரி தூவிக் குளிர வைப்பார்கள், அது இங்கே அவ்வளவாக எடுபடாததற்கும் இதே காரணம்தான், ஈரக் காற்றில் இன்னும் ஈரத்தைச் சேர்த்து என்ன பயன்? நமக்குக் கைகொடுப்பவை இரண்டு: நிழல், காற்றோட்டம். நிழலில் வெப்பமானி பெரிதாக ஒன்றும் இறங்கிவிடாது. ஆனால் தலைமேல் விழும் அந்த 1,000 வாட் நின்றுவிடும், தரையும் சுடாது. வெப்பமானிக்கு அது சின்ன வித்தியாசம், உடம்புக்கு வேறு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி இருக்கும்.

அப்புறம் கடிகாரம். இதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். 1982 ஜனவரி 1ஆம் தேதி மேற்கு மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி, சபா சரவாக்கின் நேரத்தோடு சேர்ந்துகொண்டது. அதனால் கோலாலம்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு இல்லை, ஏறக்குறைய ஒன்றேகாலுக்கு. அலுவலகங்கள் சாப்பாட்டுக்கு விடுவது ஒன்றிலிருந்து இரண்டு வரை. அதாவது நகரத்தில் வேலை செய்கிற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் தெருவுக்கு வருகிற அந்த ஒரு மணி நேரம், நாள் முழுவதிலும் நிழல் ஆகக் குறைவாக இருக்கும் ஒரு மணி நேரம். அத்தை படியிறங்கியதும் அந்த நேரத்தில்தான்.

நாம் பூமத்திய ரேகைக்கு மூன்று டிகிரி வடக்கே இருக்கிறோம். மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல் நிற்கும், அப்போது 10 மீட்டர் உயரமுள்ள இரண்டு மாடிக் கடைவீடு தன் காலடியில்கூட நிழல் போடாது. டிசம்பரில் அதே கட்டடம் உச்சிவேளையில் வடக்கே ஐந்து மீட்டர் நிழல் போடும், ஜூனில் தெற்கே நாலு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கட்டடம் உயரமாக இருந்தால் நிழல் தானாக வந்துவிடும் என்பது இந்த ஊரில் காலையிலும் மாலையிலும் மட்டும் உண்மை. அதிலும் வடக்கு தெற்காக ஓடும் தெருவுக்குத்தான் அது உதவும்: காலையில் கிழக்கு வரிசைக் கடைகள் தங்கள் பக்க நடைபாதையை மூடும், பின்மதியத்தில் மேற்கு வரிசை மூடும், ஜனங்கள் எதிர்ப்பக்கம் மாறி மாறி நடந்துகொள்ளலாம். கிழக்கு மேற்காக ஓடும் தெருவில் வெயில் தெருவோடு தெருவாக நீளத்துக்கு வந்து விழும், இரண்டு பக்கமும் தப்பிக்க இடமிருக்காது. மதியத்துக்கோ எந்தத் திசைத் தெருவானாலும் தலைக்கு மேலே கூரையோ இலையோ வேண்டும், வேறு மருந்தில்லை.

இதை நம் ஊரைக் கட்டியவர்கள் அறிந்திருந்தார்கள். கடைகளுக்கு முன்னால் ஓடும் கூரை நடைபாதையை அஞ்சடி என்று நாம் சொல்கிறோமே, மலாயில் காக்கி லீமா, அதுதான் அந்த அறிவு. 1822இல் சிங்கப்பூருக்கு ஆங்கிலேய அதிகாரி ராஃபிள்ஸ் கொடுத்த நகர அமைப்பு உத்தரவிலேயே, தெருவின் இரண்டு பக்கத்திலும் ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் தாழ்வாரம் விட வேண்டும், அது எப்போதும் திறந்திருக்கும் தொடர்ச்சியான கூரை வழியாக இருக்க வேண்டும் என்று வருகிறது. கோலாலம்பூர் 1881இல் ஒரே வருஷத்தில் தீயிலும் வெள்ளத்திலும் சிக்கிச் சிதைந்தது. அத்தாப்பு ஓலை வேய்ந்த மரக்கடைகள் போய்ச் செங்கலும் ஓடுமாக ஊரைத் திரும்பக் கட்டினார்கள், 1882இல் ரெசிடெண்டாக, அதாவது ஆங்கிலேய ஆட்சியின் பிரதிநிதியாக, வந்த ஸ்வெட்டன்ஹாம் அதை முடுக்கிவிட்டார், அந்தச் செங்கல் கடைவீடுகளோடு அஞ்சடியும் வந்தது. பிரிக்பீல்ட்ஸ் என்ற பெயரே அந்தச் செங்கல் சூளைகளின் ஞாபகம்.

அஞ்சடியின் சூட்சுமம் "தொடர்ச்சியான" என்ற அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நிலம் கடைக்காரருடையது, கூரை கடைக்காரருடையது, நடக்கும் உரிமை ஊருடையது. தமிழ்நாட்டு வீட்டுத் திண்ணையைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வழிப்போக்கர் உட்காரலாம், படுக்கலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். திண்ணைகளை ஒன்றோடொன்று கோத்துத் தெரு நீளத்துக்கும் ஓடவிட்டால் அது அஞ்சடி. லெபோ அம்பாங்கில் செட்டியார்கள் கிட்டங்கி வைத்து வட்டித் தொழில் நடத்திய காலத்தில், ஆட்கள் அங்கேயே வேலை பார்த்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்தார்கள். அப்படி உள்ளேயே குடியிருந்தவர்களின் தெரு அது.

இப்போது அதே வழியில் நடந்து பாருங்கள். முதல் நாலு கடை நன்றாக இருக்கும். ஐந்தாவது கடைக்காரர் தன் தரையை ஒரு சாண் உயர்த்திப் பளபளவென்று ஓடு பதித்திருப்பார், அங்கே ஒரு படி, சரிவுப் பாதை இல்லை, மழைநாளில் அந்த ஓடு வழுக்கும். ஏழாவது கடைக்கு முன்னால் இரண்டு மோட்டார் சைக்கிள் குறுக்கே நிற்கும், தூணுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நுழையலாம், கையில் சாமான் பை இருந்தால் முடியாது. எட்டாவதில் அட்டைப் பெட்டிகள். ஒன்பதாவதில் ஏர்கோன் வெளிப்பெட்டியைத் தலைக்கு மேலேயே மாட்டியிருப்பார்கள், உள்ளேயிருந்து பிடுங்கிய சூட்டோடு மோட்டாரின் சூட்டையும் சேர்த்து நடக்கிறவர் முகத்தில் ஊதும், தண்ணீரும் சொட்டும். பிறகு ஒரு சுவர், அதற்கு மேல் அஞ்சடியே கிடையாது, புதுக் கட்டடம் உள்ளே தள்ளிக் கட்டியிருக்கிறது, முன்னால் கார் நிறுத்தம். ஒவ்வொரு தடங்கலிலும் நாம் ரோட்டுக்கு இறங்குகிறோம், காருக்கும் லோங்காவுக்கும் (சாக்கடைக்கும்) நடுவே வெயிலில் பத்தடி நடக்கிறோம், மறுபடி ஏறுகிறோம். அஞ்சடியை மறிக்கக் கூடாது என்று 1974ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் சொல்லத்தான் செய்கிறது.

ஒரு சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள், நூறு கண்ணியில் 95 உறுதியாக இருந்தாலும் மீதி ஐந்து விட்டுப்போனால் அது சங்கிலியில்லை. நடைவழியும் அப்படித்தான். 700 மீட்டரில் 600 மீட்டர் நிழல் என்று அறிக்கையில் எழுதினால் நன்றாக இருக்கும், ஆனால் அத்தை முடிவெடுப்பது அந்த மீதி நூறை நினைத்து. அவருக்குப் படி ஏறி இறங்குவது சிரமம், எங்கே ரோட்டில் இறங்க வேண்டிவரும் என்று தெரியாது. அதனால் புறப்படவே மாட்டார்.

எல்லா அறுப்பிலும் மோசமானது சிக்னல். ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அகலமான ஒருவழிச் சாலை, பொத்தானை அழுத்திவிட்டு இரண்டு நிமிஷம் நிற்கிறோம் என்று வையுங்கள், நிற்கும் இடத்தில் கூரையும் இல்லை மரமும் இல்லை. இரண்டு நிமிஷத்தில் சாதாரணமாக 160 மீட்டர் நடந்துவிடலாம். ஆகவே 15 மீட்டர் அகல ரோட்டைக் கடக்க நாம் செலவழித்தது 175 மீட்டர் வெயில். நடந்தாலாவது கொஞ்சம் காற்றுப்படும், நிற்கும்போது அதுவும் கிடையாது. தீர்வு பெரிய காசு கேட்பதில்லை: காத்திருக்கும் இடத்தில் நாலு பேர் நிற்க ஒரு கூரை, பச்சை விளக்கு சீக்கிரம் வரும்படி நேரத்தை மாற்றுவது, ரோட்டின் நடுவில் நிழலோடு ஒரு திட்டு. இதற்குப் பதிலாகப் பல இடங்களில் நடைமேம்பாலம் கட்டியிருக்கிறோம். லாரிகள் அடியில் போக வேண்டும் என்பதால் அது ஏறக்குறைய இரண்டு மாடி உயரம், ஏறி, குறுக்கே நடந்து, இறங்கி. கார் ஓட்டுகிறவர் பாதத்தைப் பிரேக்கில் வைப்பதைத் தவிர்க்க, நடக்கிறவர் இரண்டு மாடி ஏறுகிறார். இது நியாயமில்லை என்பது என் அபிப்பிராயம், நகர மையத்திலாவது தரையோடு தரையாகக் கடக்கும் உரிமை நடப்பவருக்கு வேண்டும்.

சரி, முழுக்கக் குளிரூட்டி மூடிவிட்டால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறோம். புக்கிட் பிந்தாங் கடைப்பகுதியையும் இரட்டைக் கோபுரம் இருக்கும் கே.எல்.சி.சி.யையும் இணைக்கும் உயர்த்திய நடைபாதையைப் பெட்ரோனாஸ் 10 கோடி ரிங்கிட் செலவில் கட்டி 2012இல் திறந்தது, சுமார் 1.2 கிலோமீட்டர், முழுக்க ஏர்கோன். மதியத்தில் போய்ப் பாருங்கள், கூட்டம் நடக்கிறது, சுற்றுலாப் பயணி, அலுவலக ஊழியர், தள்ளுவண்டியில் குழந்தை. இந்த ஊர்க்காரர்கள் நடக்க மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு அந்தப் பாதை ஒன்றே பதில். ஆனால் அது ஒரு குழாய். ஒரு முனையில் புகுந்தால் மறு முனையில் வெளியே வரலாம், நடுவில் ஒரு தே தாரே தேநீர்க் கடை இல்லை, பூ விற்கும் அக்கா இல்லை, நின்று விசாரிக்க ஆள் இல்லை, கீழே இருக்கும் தெருவுக்கு அதனால் ஒரு வியாபாரமும் போய்ச் சேரவில்லை. கே.எல். சென்ட்ரலிலிருந்து மோனோரெயிலுக்கு ஒரு காலத்தில் வெயிலிலும் மழையிலும் நடந்து போனோம், 2014இல் என்யூ சென்ட்ரல் திறந்த பிறகு அந்த நடை பேரங்காடிக்குள் போய்விட்டது. சௌகரியம்தான், எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முன்பு துன் சம்பந்தன் சாலையில் இறங்கியிருக்கக்கூடிய கால்களில் ஒரு பங்கு இப்போது மேலேயே கடந்து போகிறது.

சிங்கப்பூர் நடுவழி ஒன்றைப் பிடித்தது. 2013இல் ஒரு திட்டம் தொடங்கி, எம்.ஆர்.டி. ரயில் நிலையத்தைச் சுற்றி 400 மீட்டருக்குள் இருக்கும் பள்ளி, மருந்தகம், குடியிருப்பு எல்லாவற்றுக்கும் சாதாரணத் தகரக் கூரை நடைபாதை போட்டார்கள், 2018க்குள் 200 கிலோமீட்டர். ஏர்கோன் கிடையாது, அலங்காரம் கிடையாது. அஞ்சடியின் அதே யோசனை, அதைக் கடையிலிருந்து கழற்றித் தெருவில் நட்டிருக்கிறார்கள்.

கூரையைவிட எனக்குப் பிடித்தது மரம். கூரை சூடாகி அடியில் இருப்பவர் மேல் அந்தச் சூட்டை இறக்கும், இலை அப்படிச் செய்யாது, தன் தண்ணீரை ஆவியாக விட்டுத் தன்னைக் குளிர வைத்துக்கொள்ளும். தூங்குமூஞ்சி மரம் ஒன்று நன்றாக வளர்ந்தால் 25, 30 மீட்டர் குடை விரிக்கும், ஒரு பக்கத்தில் நட்டாலே ரோடு முழுவதும் மூடும். சாயங்காலம் இலையை மூடிக்கொள்வதால் அந்தப் பெயர். ஆனால் மரத்துக்கு வேருக்கு மண் வேண்டும். நாம் சிமெண்டுக்கு நடுவே ஒரு முழம் குழி விட்டுவிட்டுக் குடை மாத்திரம் பெரிதாக வேண்டும் என்று கேட்கிறோம், அப்புறம் வேர் நடைபாதையைப் பெயர்க்கிறது என்று வேரை வெட்டுகிறோம். 2024 மே 7ஆம் தேதி சுல்தான் இஸ்மாயில் சாலையில் புயல் மழையில் பெரிய மரம் சாய்ந்து ஒருவர் இறந்தார், பல வாகனங்கள் நசுங்கின, மோனோரெயில் நின்றது. அதைப் பார்த்துப் பயந்து எல்லா மரத்தையும் வெட்டச் சொல்வது எனக்குச் சம்மதமில்லை. வயதான மரத்தைச் சோதிக்க ஆள் வேண்டும், பணம் வேண்டும், அடுத்த மரத்தை 20 வருஷம் முன்னாலேயே நட்டிருக்க வேண்டும்.

தரையையும் நம்ப முடிய வேண்டும். 2024 ஆகஸ்ட்டில் மஸ்ஜித் இந்தியா சாலையில் நடைபாதை திடீரென்று உள்வாங்கி, இந்தியாவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்மணி உள்ளே விழுந்தார், எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அத்தை அந்தப் பக்கம் போனால் இரும்பு மூடிகளைச் சுற்றிக்கொண்டு நடக்கிறார். பிரிக்பீல்ட்ஸில் மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது, அங்கே நடைபாதையில் கோடு கோடாகப் புடைத்த மஞ்சள் ஓடு பதித்திருப்பது பார்வையில்லாதவர்கள் கோலால் தடவி வழி அறிவதற்கு. அந்த ஓட்டின் மேல் மோட்டாரை நிறுத்தினால் அவர்களுக்கு அங்கே தெரு முடிந்துபோகிறது. தயவுசெய்து நிறுத்தாதீர்கள்.

மழைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நம் மழை நேராக விழாது, சாய்ந்து அடிக்கும், ஆகவே கூரை உயரமாகவும் குறுகலாகவும் இருந்தால் அழகுதான் மிஞ்சும். பழைய அஞ்சடி தாழ்வு, தூண்களுக்கு நடுவே மூங்கில் திரை தொங்கும், அது போதும்.

இவ்வளவும் நடப்பதைப் பற்றி. தெரு உயிரோட்டமாக இருப்பது இன்னொரு சமாசாரம், ஆனால் இதோடு ஒட்டியது. நிழல் கால்களைக் கொண்டுவரும், கால்களை நிறுத்தி வைப்பது கதவுகள். ஒரு கடைவீட்டின் முகப்பு ஏறக்குறைய ஆறு மீட்டர். நூறு மீட்டர் நடந்தால் 16 கதவு, நடக்கிற வேகத்தில் ஐந்து வினாடிக்கு ஒன்று. ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, ஊதுபத்தி வாசனை, நகைக்கடை ஏர்கோனின் குளிர்காற்று ஒரு நொடி, அடுத்து கறிப்பொடி அரைக்கும் மில். மஸ்ஜித் இந்தியாவில் அப்படி நடந்தால் தூரமே தெரியாது. அதே நூறு மீட்டர் ஒரு வங்கிக் கட்டடத்தின் மொட்டைச் சுவராக இருந்தால் நிழல் இருந்தும் கால் கனக்கும். புதுக் கட்டடம் கட்ட அனுமதி கொடுக்கும்போது மாநகர் மன்றம் தரைத்தளத்தில் எத்தனை கதவு தெருவைப் பார்த்துத் திறக்கிறது என்று கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

இன்னொன்று குடியிருப்பவர்கள். முன்பு கீழே கடை, மேலே குடும்பம். கடை சாத்திய பிறகும் மாடியில் விளக்கு எரியும், யாராவது எட்டிப் பார்ப்பார்கள். பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே ஊழியர்களின் நூறு குவார்ட்டர்ஸ் இருந்தது, அது இடிபட்டபோது அந்தத் தெருக்களிலிருந்து போனது கட்டடம் மட்டுமில்லை, சாயங்காலம் கடைக்கு நடந்து வந்த அத்தனை வீடுகளும் போயின. பினாங்கின் ஜார்ஜ்டவுனில் 2000ஆம் ஆண்டு தொடக்கத்தோடு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் விலகியபோது, தலைமுறை தலைமுறையாக இருந்தவர்கள் பலர் பழைய நகரத்தை விட்டு வெளியேறினார்கள். தெரு அழகானால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் முதலில் போவது பூக்கடையும் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையும், அதாவது எதற்காக ஜனங்கள் அங்கே நடந்து வந்தார்களோ அது. தெருவைச் சீர்படுத்தும் திட்டம் எதுவானாலும் அதே காகிதத்தில் அந்தக் கடைகளின் வாடகையைப் பற்றியும் ஒரு பக்கம் இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

ரோட்டை மூடிக் காரை நிறுத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. நிழல் இல்லாமல் மூடினால் மதியம் ஒரு மணிக்கு அது வெறும் சுடுதரை, அதைக் காட்டி, "பார்த்தீர்களா, யாரும் வரவில்லை" என்று திரும்பவும் கார் விட்டுவிடுவார்கள். ஆகவே முதலில் நிழல், அப்புறம் கார். நேரத்தைப் பார்த்து மூடுவது வேறு, அது பலிக்கிறது: 2014இல் தொடங்கிய ஞாயிறு காலைக் காரில்லா நேரம் வெயில் ஏறுவதற்குள் முடிந்துவிடும், லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மானில் சனிக்கிழமை பசார் மாலாம் என்ற இரவுச் சந்தை வெயில் இறங்கிய பிறகு களைகட்டும். அதே பெயருள்ள பெரிய சாலையைப் பழையவர்கள் இன்னும் பத்து ரோடு என்பார்கள், அந்தச் சந்தையில் சனி சாயங்காலம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கும் கூட்டத்தில் பலர் மதியம் வீட்டை விட்டே கிளம்பாதவர்கள்.

நமக்கு இது புதிதும் இல்லை. தைப்பூச வழியை நினைத்துப் பாருங்கள். ரதம் ஏன் ராத்திரியில் புறப்படுகிறது என்பதற்குச் சமயக் காரணம் எதுவானாலும், நடக்கிற உடம்புக்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. ரோட்டில் கார் இல்லை. கொஞ்ச தூரத்துக்கு ஒரு தண்ணீர்ப் பந்தல்: மேலே கூரை, கீழே உட்கார நாற்காலி, கையில் மோர், தெரிந்த முகம் நாலு. அத்தை 15 கிலோமீட்டர் நடப்பது பக்தியால்தான், ஆனால் பந்தல்காரர்கள் இல்லாவிட்டால் பாதியில் உட்கார்ந்திருப்பார் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அன்றைக்குக் கிராப்பில்தான் போனோம். அடுத்த வாரம் நான் மட்டும் அதே ஒரு மணிக்கு மஸ்ஜித் ஜாமெக்கிலிருந்து கோயில் வரைக்கும் நடந்து, வெயிலில் இறங்க வேண்டிவந்த ஒவ்வொரு இடத்தையும் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டேன். நீங்களும் உங்கள் வழியில் இதைச் செய்யலாம், அரை மணி நேர வேலை. எனக்கு ஒன்பது இடம் வந்தது. நாலு, மோட்டாரும் சாமானும் மறித்தவை, நகர்த்தினால் சரி. இரண்டு, சரிவுப் பாதை இல்லாத படி, ஒரு மூட்டை சிமெண்டு வேலை. இரண்டு, சின்னச் சந்து குறுக்கிடும் இடம், துணிப்பந்தல் இழுத்துக் கட்டினாலே போதும். ஒன்றே ஒன்று சிக்னல். படங்களை அத்தையிடம் காட்டினேன். முதல் எட்டையும் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிக்னல் படத்தில் நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, "இந்த மாதிரி இடத்துலதான்யா பூசத்துக்குப் பந்தல் போடுவாங்க" என்றார்.